மார்பகப் புற்றுநோய் சிகிச்சையும் வீட்டு நாட்களும்: திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

எனக்கு இடது மார்பில் அறுவை, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போதும் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை உண்டு. வாரத்தில் ஒரு நாள் கீமோ வார்டில் புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். டாக்டரிடம் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்டவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தந்திருக்கிறேன். பதில்களை வார்டின் மூத்த செவிலியர் ஒருவர் படித்துத் திருத்திக் கொடுத்தார்.

மருந்தும் அளவும் ஆளுக்கு ஆள் வேறு. இங்கே இருப்பதும் உங்கள் டாக்டர் சொன்னதும் ஒத்துவராவிட்டால் அவர் சொன்னதையே கேளுங்கள். கீழே பல இடங்களில் ‘டாக்டரிடம் சொல்லுங்கள்’ என்று வரும். சலிப்பாக இருந்தாலும் தெரிந்தேதான் எழுதியிருக்கிறேன். சிகிச்சை என்றால் கஷ்டம் இருக்கத்தானே செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறோம். அந்தக் கஷ்டத்தில் பெரும்பகுதிக்கு மருந்து இருக்கிறது. வாய் திறந்து சொன்னால்தான் கிடைக்கும்.

இது தொத்திக்குமா அக்கா? பிள்ளைகளைப் பக்கத்துல படுக்க வச்சுக்கலாமா?

தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், முத்தம் கொடுக்கலாம். வெளியிலிருந்து கொடுக்கும் ரேடியேஷன் முடிந்து வந்தவர் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம்.

கீமோ ஏறிய பிறகு 48 மணி நேரம் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்து வெளியே வரும். கழிப்பறைக் கோப்பையின் மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாகத் துவையுங்கள். அவ்வளவுதான்.

மொத்தமா எத்தனை மாசம் ஆகும்? எப்ப பழையபடி ஆவேன்?

எல்லோருக்கும் எல்லா சிகிச்சையும் கிடையாது. கட்டியின் அளவு, அக்குள் நெறியில் (நிணநீர் முடிச்சில்) பரவியிருக்கிறதா, ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பிடித்து அணுவை வளரவைக்கும் புரதம்) உண்டா, புற்றணுவை வளரத் தூண்டும் ஹெர்-2 புரதம் கூடுதலா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பொதுவாகக் கீமோ மூன்று முதல் ஆறு மாதம். ரேடியேஷன் மூன்று முதல் ஐந்து வாரம், சனி ஞாயிறு விட்டு தினமும். ஹெர்-2 வகைக்கு டிராஸ்டுசுமாப் ஊசி பெரும்பாலும் ஒரு வருடம். ஹார்மோன் மாத்திரை, அதாவது ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் மாத்திரை, ஐந்து வருடம், சிலருக்குப் பத்து.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், கடைசி கீமோ தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு அதற்கு மறுநாளே பழைய ஆளாகிவிடுவோம் என்று எண்ணாதீர்கள். நான் அப்படித்தான் எண்ணி மிகவும் நொந்துபோனேன். தெம்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட.

கீமோ போட்டா முடி கண்டிப்பா கொட்டுமா?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. டாக்ஸோரூபிசின், எபிரூபிசின், பாக்ளிடாக்ஸெல், டோசிடாக்ஸெல் ஏறினால் அநேகமாகக் கொட்டும். மார்புக்கு மட்டும் கொடுக்கும் ரேடியேஷனில் தலைமுடி போகாது. ஹார்மோன் மாத்திரையில் முடி மெலியலாம், மொட்டையாகாது. கீமோ ஏறும்போது தலையைக் குளிரவைக்கும் தொப்பி சில இடங்களில் உண்டு. பலருக்கு ஓரளவு முடியைக் காப்பாற்றுகிறது. முதல் தவணைக்கு முன்பே கேட்க வேண்டும், பாதியில் தொடங்கிப் பயனில்லை.

முதல் கீமோவிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பிக்கும். அதற்கு முன் தலைத்தோல் வலிக்கும், தலையணையில் படுத்தால் முடி வேரெல்லாம் நோகும். எனக்குப் பதினாறாம் நாள். சீப்பை ஒரு முறை இழுத்தேன்; சீப்பின் பற்களே தெரியாத அளவுக்கு முடி. இரண்டாவது முறை இழுக்க மனசு வரவில்லை. அன்று மாலையே தங்கையிடம் மெஷினைக் கொடுத்து ஒட்ட வெட்டச் சொன்னேன். கொத்துக்கொத்தாகத் தினமும் பார்ப்பதைவிட அது எனக்கு எளிதாக இருந்தது. அப்படி வெட்டாமல் தானாகப் போகட்டும் என்று விட்டவர்களும் இருக்கிறார்கள். உங்கள் தலை, உங்கள் முடிவு.

புருவமும் இமைமுடியும் போகும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இமைமுடி இல்லாவிட்டால் தூசி நேரே கண்ணில் விழும், கண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கீமோ முடிந்து சில வாரங்களில் பூனைமுடி மாதிரி வரத் தொடங்கும், மூன்று முதல் ஆறு மாதத்தில் தலை மூடும். முதலில் சுருட்டையாகவோ வேறு நிறத்திலோ வரலாம். மிகச் சிலருக்கு, குறிப்பாக டோசிடாக்ஸெல்லுக்குப் பிறகு, முழு அடர்த்தி திரும்பாமல் போவதும் உண்டு.

சிவப்பு மருந்து போட்டாங்க. ஒண்ணுக்கு சிவப்பா போகுதே, ரத்தமா?

டாக்ஸோரூபிசின் நிறமே சிவப்பு. ஓரிரு நாள் சிறுநீர் அந்த நிறத்தில் போகும், தண்ணீர் நிறையக் குடியுங்கள். மூன்றாம் நாளும் சிவப்பாகவே இருந்தால், அல்லது எரிச்சல் இருந்தால் போன் செய்யுங்கள். இந்த மருந்தும் டிராஸ்டுசுமாப்பும் இதயத்தைத் தொடக்கூடியவை என்பதால்தான் அடிக்கடி எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார்கள். அலுத்துப்போய் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வாந்தியே வரலையே, எதுக்கு வாந்தி மாத்திரை? நிறுத்திடட்டுமா?

மாத்திரை போடுவதால்தான் வரவில்லை. குமட்டல் கீமோ அன்று மட்டும் வருவதில்லை. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை தாமதமாக வரும் குமட்டல்தான் பலரையும் படுக்கவைப்பது. அதனால் எழுதிக்கொடுத்த நாள் கணக்குப்படி போட்டுவிடுங்கள். வந்த பிறகு அடக்குவது கடினம்.

அப்புறம், அந்த மாத்திரைகளுக்கே சில குணங்கள் உண்டு. ஆண்டான்செட்ரான் மலச்சிக்கலைக் கொண்டுவரும். நான்கு நாள் வயிறு இறுகிக் கிடந்து, கீமோதான் காரணம் என்று எண்ணிச் சொல்லாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். மலம் இளக்கும் மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும். காலையில் போடலாமா என்று கேளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அந்த நாட்களில் கூடுதலாகப் பரிசோதிக்க வேண்டும். மருந்து போட்டும் வாந்தி நிற்காவிட்டால் அடுத்த தவணைக்கு ஓலான்ஸபின் மாதிரி இன்னொன்றைச் சேர்க்க முடியும். கடைசி முறை எப்படி இருந்தது என்று நாள்வாரியாக எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘பரவாயில்லை டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் அதே மருந்துதான் வரும்.

ராத்திரி காய்ச்சல் 101 இருக்கு. ஒரு பாராசிட்டமால் போட்டுட்டு காலைல பாத்துக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். கீமோ நடக்கும் காலத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே அவசரம். நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டும். உங்கள் மருத்துவக் குழு இதைவிடக் குறைந்த அளவு சொல்லியிருந்தால் அதுவே உங்கள் எல்லை.

பொதுவாகக் கீமோ ஏறி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். அப்போது கிருமி புகுந்தால் சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடலாம். சீழ் வைக்கவோ வீங்கவோகூட வெள்ளணு வேண்டுமே, அதனால் பல நேரம் காய்ச்சலைத் தவிர வேறு அடையாளமே இருக்காது. அதையும் பாராசிட்டமால் போட்டு மறைத்துவிட்டால் ஒன்றும் தெரியாமல் போகும். முதலில் வெப்பமானி, அப்புறம் போன், அதன் பிறகு அவர்கள் சொன்னால் மாத்திரை. காய்ச்சலே இல்லாமல் நடுக்கி நடுக்கிக் குளிர் வந்தாலும் இதேதான்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாக ‘எனக்குக் கீமோ நடக்கிறது, இத்தனாம் நாள், காய்ச்சல்’ என்று சொல்லுங்கள். மருந்துப் பெயர் எழுதிய அட்டை கையில் இருக்கட்டும். கூட வருகிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், உங்களுக்குப் பேசத் தெம்பு இல்லாமல் போகலாம்.

கவுண்ட் ஏற ஊசி போட்டாங்க, இடுப்பு எலும்பெல்லாம் உடையற மாதிரி வலிக்குது. பரவிடுச்சா?

கவுண்ட் என்பது ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை. அந்த ஊசி எலும்பு மஜ்ஜையை முடுக்கி வெள்ளணுக்களை உண்டாக்க வைக்கிறது. அதனால் இடுப்பு, முதுகு, தொடை எலும்புகள் குடையும். சில நாளில் தணியும். வலிக்கு எதைப் போடலாம் என்று கேளுங்கள். பாராசிட்டமால் என்றால் முந்தைய பதில்படி முதலில் காய்ச்சல் பார்த்துவிட்டு.

வாயெல்லாம் புண்ணு, எதைச் சாப்பிட்டாலும் இரும்பு மாதிரி இருக்கு. என்ன பண்றது?

ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா, அதில் பாதி உப்பு. இதை வைத்து ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொப்பளியுங்கள், விழுங்க வேண்டாம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரியும், தவிருங்கள். பல் தேய்க்கக் குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ் போதும். காரம், புளிப்பு, சூடு மூன்றையும் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள். தண்ணீரே விழுங்க முடியாத அளவுக்கு வலித்தால் அன்றே சொல்ல வேண்டும். மரக்கச் செய்யும் மருந்து தருவார்கள், பூஞ்சைத் தொற்றா என்றும் பார்ப்பார்கள்.

இரும்புச் சுவைக்கு மரக் கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ எனக்கு உதவியது. உணவு ஆறிய பிறகு சாப்பிட்டால் வாசனையும் குறையும். மிகவும் பிடித்த உணவை வாந்தி வரும் நாட்களில் சாப்பிட வேண்டாம் என்று செவிலியர் சொன்னார். அதற்கும் குமட்டலுக்கும் முடிச்சு விழுந்தால் பிறகு பல வருடத்துக்கு அதைப் பார்த்தாலே புரட்டுமாம்.

இனிப்பு சாப்பிட்டா புற்று வளரும்னு சொல்றாங்களே?

சர்க்கரையை விட்டால் புற்றணு பட்டினி கிடந்து செத்துவிடும் என்பது உண்மையில்லை. எல்லா அணுக்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும், சாப்பிடாவிட்டாலும் உடம்பு தானே அதைத் தயாரித்துக்கொள்ளும். இனிப்பைக் குறைப்பது பொதுவாக நல்லது, எடை கூடாமல் இருக்கும். பயந்து சோறு தண்ணீரைக் குறைப்பது ஆபத்து. இந்தச் சமயத்தில் புரதம் அதிகம் வேண்டும்: முட்டை, பயறு, பால், மீன், எது இறங்குகிறதோ அது. சோயா உணவும் அளவாகச் சாப்பிடலாம்.

எனக்குக் கவலை தருவது பொடி, கஷாயம், மாத்திரை என்று பக்கத்திலிருப்பவர்கள் அன்போடு கொண்டுவந்து தருபவைதான். சில மூலிகைகள் கல்லீரலில் கீமோ மருந்து கரையும் வேகத்தை மாற்றிவிடும், சில ரத்தம் உறைவதைக் குலைக்கும். எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் அந்தப் பாட்டிலையே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைத்தால், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவு ஏறியிருக்கும்போது காரணம் தெரியாமல் கீமோ தள்ளிப்போகும்.

எந்நேரமும் அசதியா இருக்கு. படுத்தே இருந்தா சரியாயிடுமா?

இது தூங்கி எழுந்தால் தீரும் அசதி இல்லை. பல் தேய்த்து முடித்ததும் உட்கார வேண்டியிருக்கும். அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆச்சரியம் என்னவென்றால், இதற்கு மருந்தைவிட நன்றாக வேலை செய்வது நடப்பதுதான். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், பிறகு வாசல், பிறகு தெரு முனை. சிகிச்சை முடிந்த பிறகு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. அதை இப்போதே எட்ட வேண்டும் என்று இல்லை.

பகலில் அரை மணிக்கு மேல் தூங்கினால் இரவு விழித்திருப்பீர்கள். நல்ல நாள் வந்தது என்று ஒரே மூச்சில் வீட்டைக் கழுவித் துடைத்தால் அடுத்த மூன்று நாள் படுக்கைதான். ரத்தசோகை, தைராய்டு, மன அழுத்தம் ஆகியவையும் இதே அசதியைத் தரும் என்பதால் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

விரல் நுனி மரத்துப்போச்சு, பட்டன் போட முடியல. இதைப் போய் சொல்லணுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். பாக்ளிடாக்ஸெல், டோசிடாக்ஸெல் நரம்பு நுனிகளைத் தொடும். மெத்தென்ற மணலில் நடப்பது மாதிரி பாதம் தோன்றும், சட்டைப் பட்டன் விரலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. இந்த அறிகுறியைக் கேட்டுத்தான் மருந்தின் அளவைக் குறைப்பதா, இடைவெளி விடுவதா என்று முடிவெடுப்பார்கள். மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்று பயந்து மறைக்கிறவர்கள் உண்டு. என் பக்கத்துப் படுக்கைப் பெண் அப்படித்தான் மறைத்தார். பெரும்பாலும் மெல்லச் சரியாகும், ஆனால் முற்றிப்போனால் நிரந்தரமாகவே தங்கலாம்.

அதுவரை வெறுங்காலோடு நடக்க வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தை உணர்வில்லாத விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள்.

ஆபரேஷன் முடிஞ்சு டியூபோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பயமா இருக்கு.

அந்த டியூப் வெட்டிய இடத்தில் ஊறும் நீரை வெளியேற்ற வைத்தது. முதல் நாட்களில் சிவப்பாக வரும், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம். தினமும் ஒரே நேரத்தில் கை கழுவி, குடுவையைத் திறந்து, அளவுக் கோப்பையில் ஊற்றிப் பார்த்து, தேதியோடு எழுதுங்கள். என் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது: 110, 90, 85, 60, 60, 40, 25. 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். குடுவையைத் தொங்கவிடாமல் ஊக்கால் உடையின் உட்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுத்தால் உயிர் போகும்.

திடீரென்று புது ரத்தமாக வந்தால், நாற்றம் அடித்தால், குழாயைச் சுற்றிச் சிவந்து சுட்டால், அல்லது வருவது சட்டென்று நின்று மார்பு வீங்கினால் உடனே கூப்பிடுங்கள். டியூப் எடுத்த பிறகும் நீர் கோத்து வீங்கலாம், ஊசியால் எடுத்துவிடுவார்கள்.

கையைத் தூக்கினா தையல் பிரிஞ்சிடும்னு அம்மா அசையவே விடல. சரியா?

அம்மாவின் பயம் புரிகிறது, ஆனால் அசைக்காத தோள் இறுகிப்போகும். விரல்களை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்குவது மறுநாளே தொடங்கலாம். தோள் உயரத்துக்கு மேல் எப்போது தூக்கலாம் என்று அறுவை செய்தவர் சொல்வார், பல இடங்களில் டியூப் எடுத்த பிறகுதான். பின்னால் ரேடியேஷன் இருந்தால் கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க வேண்டியிருக்கும் என்பதால் இந்தப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

மேற்கையின் உட்பக்கம் மரத்துப்போவது வழக்கம், அந்த வழியாகப் போகும் உணர்வு நரம்பு அறுவையில் அடிபடுகிறது. சிலருக்குச் சில வாரம் கழித்து அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு மாதிரி ஒன்று விறைத்துத் தெரியும், கையை நீட்டினால் சுண்டும். பார்த்ததும் பதறிப்போவோம். அடைபட்ட நிணநீர்க் குழாய்கள் என்கிறார்கள். மெல்ல நீட்டும் பயிற்சியில் சரியாகிவிடும்.

அந்தக் கையில பிரஷர் பாக்கக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே. ஆயுசு முழுக்கவா?

பயம் நிணநீர் வீக்கத்தைப் பற்றியது, அதாவது நெறிகளை எடுத்த பக்கத்துக் கையில் நீர் தேங்கி வீங்குவது. ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துப் பார்த்தவர்களில் சுமார் 20-ல் ஒருவருக்கும், அக்குள் நெறிகளை முழுதாக எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் வருகிறது. அக்குளுக்கும் ரேடியேஷன் கொடுத்தால், எடை கூடினால் வாய்ப்பு ஏறும். ஆகவே உங்களுக்கு எத்தனை நெறி எடுத்தார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முழுதாக எடுத்திருந்தால் ஊசிக்கும் பிரஷருக்கும் முடிந்தவரை மற்ற கையைக் கொடுங்கள். அவசரத்தில் ஒரு முறை அந்தக் கையில் பார்த்துவிட்டார்கள் என்று தூக்கம் கெட வேண்டாம், அதனால்தான் வீங்குகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

எடை தூக்குவது பற்றி 2009-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு பழைய எண்ணத்தைத் தலைகீழாக்கியது. ஏற்கெனவே வீக்கம் இருந்த பெண்களைக்கூட, கற்றவர் மேற்பார்வையில், சிறு எடையில் தொடங்கி மெல்ல ஏற்றிப் பழக்கினார்கள். வீக்கம் கூடவில்லை, தொந்தரவுகள் குறைந்தன, கை பலப்பட்டது. மெல்ல ஏற்றினார்கள் என்பதுதான் முக்கியம். முதல் நாளே நிறைகுடத்தைத் தூக்காதீர்கள்.

மோதிரம் இறுகுவது, சட்டைக் கை ஒரு பக்கம் மட்டும் பிடிப்பது, கை கனப்பது, இவை முதல் அடையாளங்கள். அந்தக் கட்டத்திலேயே போனால் அழுத்தக் கையுறையும் பயிற்சியும் நன்றாகப் பலன் தரும். கை சிவந்து சுட்டுக் காய்ச்சல் வந்தால் அது தோல் தொற்று, அன்றே மருந்து தொடங்க வேண்டும்.

ரேடியேஷன் முடிஞ்ச பிறகுதான் தோல் ரொம்ப கருத்து உரியுது. ஏதாவது தப்பா நடந்துடுச்சா?

இல்லை. தோல் மாற்றம் கடைசி தவணைக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு ஆறும். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டுக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வாசனையில்லாத களிம்பு போதும். இறுக்கமான உள்ளாடை மார்பின் கீழ் மடிப்பை அறுக்கும், தளர்வான பருத்தி உடை நல்லது. ஐஸ் கட்டி, வெந்நீர்ப் பை இரண்டும் வேண்டாம். நீர் கசிந்தால், சீழ் கண்டால் காட்டுங்கள். ரேடியேஷன் கொடுக்கும் இடத்தைக் குறிக்கத் தோலில் போட்ட கோடுகளைச் சிகிச்சை முடியும் வரை அழித்துவிடாதீர்கள்.

கண்ணாடி முன்னாடி நிக்க முடியல. பேட் எப்ப வச்சுக்கலாம்?

தைத்த இடம் ஆறும்வரை பஞ்சு அடைத்த லேசான பேட். ஆறிய பிறகு, பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில், எடையுள்ள சிலிக்கோன் செயற்கை மார்பு. அது அழகுக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். ஒரு பக்கம் கனமும் ஒரு பக்கம் வெறுமையுமாக இருந்தால் தோளும் கழுத்தும் வலிக்கிறவர்கள் உண்டு. ஒன்றும் வைக்காமல் தட்டையாகவே இருக்க விரும்புகிறவர்களும் உண்டு, அதிலும் குறையில்லை. காரில் சீட் பெல்ட் உரசினால் நடுவில் சின்னத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அவசரமில்லை. நான் முதலில் குளியலறையில் கையால் மட்டும் தொட்டுப் பார்த்துப் பழகினேன். கண்ணால் பார்க்க மூன்று வாரம் ஆனது.

பல் பிடுங்கலாமா? தடுப்பூசி போடலாமா?

கீமோ நடுவில் கேட்காமல் எந்தப் பல் வேலையும் வேண்டாம். கவுண்ட் பார்த்து நாள் சொல்வார்கள். எலும்புக்கு சோலெட்ரானிக் அமில ஊசி போடப் போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே பற்களைச் சரிசெய்துவிடுங்கள், பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசிகள் கீமோவின்போது கூடாது. ஃப்ளூ ஊசி போடலாம், நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போறேன், ஆனா சொன்னது மறந்துபோகுது. மூளைக்கும் பரவிடுச்சா?

கீமோ மறதி என்று இதற்குப் பெயரே உண்டு. வார்த்தை நாக்கு நுனியில் நிற்கும், இரண்டு வேலையை ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு மாதங்களில் தெளியும். எல்லாவற்றையும் எழுதிவையுங்கள், கடினமான வேலையைத் தலை தெளிவாக இருக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். முடிந்தால் வார இறுதியை ஒட்டிக் கீமோ நாள் கேளுங்கள், மோசமான இரண்டு நாள் விடுமுறையில் கழியும். தாங்கமுடியாத தலைவலி, வலிப்பு, பார்வை இரட்டையாவது, கைகால் ஒரு பக்கம் தளர்வது இருந்தால் அது மறதி வகை இல்லை, உடனே போக வேண்டும்.

ஹார்மோன் மாத்திரை போட்டா உடம்பு கொதிக்குது, மூட்டெல்லாம் வலிக்குது. கட்டிதான் எடுத்தாச்சே, விட்டுடலாமா?

நோட்டில் அதிக முறை எழுதிய கேள்வி இது. ஹார்மோன் ஏற்பி உள்ள வகையில் டாமாக்சிஃபன் என்ற ஹார்மோன் மாத்திரையை ஐந்து வருடம் எடுப்பது, மார்பகப் புற்றுநோயால் இறப்பதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. கீமோ அளவுக்கு ஆர்ப்பாட்டம் இல்லாததால் இந்தச் சின்ன மாத்திரையைச் சாதாரணமாக நினைத்து, யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நிறுத்தும் முன் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

திடீரென்று முகமெல்லாம் கொதித்து வியர்த்துக் கொட்டுவதற்கு வென்லாஃபாக்ஸின், காபாபென்டின் போன்ற மருந்துகள் உதவுகின்றன. ஆனால் டாமாக்சிஃபன் போடுகிறவர்கள் மனச்சோர்வுக்கு பராக்ஸெடின், ஃப்ளூவோக்ஸெடின் எடுத்தால் டாமாக்சிஃபன் உடம்பில் சரியாக வேலைக்கு வராது. வேறு டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் என்ற மற்ற ஹார்மோன் மாத்திரைகள் தரும் மூட்டுவலி உடற்பயிற்சியில் குறையும், அல்லது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். இவை எலும்பை மெலிய வைக்கும், அடர்த்திப் பரிசோதனை தேவை. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

டாமாக்சிஃபனில் இரண்டு விஷயத்துக்குக் காத்திருக்கக் கூடாது. மாதவிடாய் நின்றவருக்கு ரத்தம் படுவது ஒன்று. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது அல்லது திடீர் மூச்சுத் திணறல் இன்னொன்று. அது ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

எப்படிக் கேக்கறதுன்னு தெரியல... அவரோட சேர்ந்து இருக்கலாமா?

இருக்கலாம். இந்தக் கேள்வியை எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். கீமோ ஏறிய சில நாட்களுக்கு ஆணுறை வேண்டும். கவுண்ட் மிகவும் இறங்கியிருக்கும் நாட்களில் தள்ளிப்போடுங்கள். ஹார்மோன் குறைவதால் உள்ளே வறண்டு வலிக்கும். தண்ணீர் சார்ந்த வழவழப்பு ஜெல், வாரம் சில முறை பூசும் ஈரப்பத மருந்து இரண்டும் கிடைக்கின்றன. ஹார்மோன் கலந்த களிம்பை மட்டும் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள். ஆசையே வரவில்லை என்றால் அதுவும் மருந்தின் வேலைதான். அவர் மேல் உங்களுக்குப் பிரியம் குறைந்ததாக அர்த்தமில்லை, இதை அவரிடமும் சொல்லுங்கள்.

மாதவிடாய் நின்றுவிட்டது என்பதால் கரு தங்காது என்று இருந்துவிடக் கூடாது. கீமோவும் டாமாக்சிஃபனும் கருவைப் பாதிக்கும். கருத்தடை அவசியம், ஹார்மோன் இல்லாத முறையாக.

எனக்கு 31 வயசு. இனிமே குழந்தை பெத்துக்க முடியுமா?

பலரால் முடிகிறது. கீமோ தொடங்கும் முன்பே கருமுட்டையையோ கருவையோ உறையவைத்துக்கொள்வது பற்றிக் கேட்க வேண்டும். ஆரம்பித்த பிறகு அந்த வழி குறுகிவிடும். டாக்டர் தானாகப் பேச்சை எடுக்காவிட்டால் நீங்கள் எடுங்கள்.

குழந்தைக்காக ஹார்மோன் மாத்திரையை இடையில் நிறுத்தலாமா என்று முன்பு யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 2023-ல் ‘பாசிட்டிவ்’ என்ற ஆய்வின் முடிவு வந்தது. 42 வயதுக்கு உட்பட்ட சுமார் 500 பெண்கள் 18 முதல் 30 மாதம் மாத்திரை எடுத்தபின், கர்ப்பத்துக்காக அதிகபட்சம் இரண்டு வருடம் நிறுத்தினார்கள். முதல் சில வருடக் கணக்கில் நோய் திரும்புவது கூடவில்லை. நீண்டகாலக் கணக்கு இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே மாத்திரையை விடாதீர்கள் என்று சொன்னதற்கு இது விலக்கு, ஆனால் டாக்டரோடு நாள் குறித்துச் செய்ய வேண்டிய விலக்கு.

சின்னப் பிள்ளைகிட்ட என்னன்னு சொல்றது?

பெயரைச் சொல்லுங்கள். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் அடுத்த முறை தனக்குச் சளி பிடிக்கும்போது குழந்தை நடுங்கும். நான் என் மகனிடம் சொன்னது: இதன் பெயர் புற்றுநோய், நீ செய்த எதனாலும் வரவில்லை, உனக்குத் தொற்றாது, மருந்தினால் அம்மாவுக்கு முடி போகும், திரும்ப வளரும், உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னார் கூட்டிவருவார். அவன் கேட்ட ஒரே கேள்வி கடைசி விஷயத்தைப் பற்றித்தான். செத்துப்போவாயா என்று கேட்டால், ‘அப்படி ஆகாமல் இருக்கத்தான் இந்த மருந்தெல்லாம், ஏதாவது மாறினால் உன்னிடம் சொல்வேன்’ என்று சொல்லலாம்.

நான் அவளோட கணவர். பேசினா அழறா, பேசாம இருந்தா கோபப்படறா. என்ன செய்யறது?

‘என்ன உதவி வேண்டும்’ என்று கேட்காதீர்கள் அண்ணா, யோசித்துச் சொல்லும் தெம்பே அவர்களுக்கு இருக்காது. மாத்திரை நேரம், டியூப் அளவு, வெப்பமானி, போன் எண்கள் நான்கையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற சொந்தக்காரர்களை வாசலிலேயே பேசி அனுப்புவதும் உங்கள் வேலை. அழும்போது பக்கத்தில் உட்காருங்கள், தீர்வு சொல்ல வேண்டாம். நீங்களும் யாரிடமாவது அழுதுகொள்ளுங்கள்.

எல்லாரும் தைரியமா இரு, நல்லதையே நினைன்னு சொல்றாங்க. அழுதா நோய் திரும்பிடுமா?

திரும்பாது. அழுவதும் பயப்படுவதும் கட்டியை வளர்ப்பதில்லை, சிரித்துக்கொண்டே இருப்பது அதைக் கரைப்பதும் இல்லை. தைரியமாக இல்லாததால் வந்துவிட்டது என்று ஒரு பெண் தன்னையே திட்டிக்கொண்டதைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைத்தது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அதற்கும் டாக்டர், மருந்து, ஆலோசகர் இருக்கிறார்கள். குமட்டலைச் சொல்வதுபோலவே இதையும் சொல்லுங்கள்.

எல்லாம் முடிஞ்சுது. ஏன் ஸ்கேன் எடுக்க மாட்டேங்கறாங்க? திரும்ப வந்தா எப்படித் தெரியும்?

தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு அடிக்கடி முழு உடம்பு ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று கண்டிருக்கிறார்கள். வீண் பயமும் தேவையில்லாத ஊசிப் பரிசோதனையும்தான் மிச்சம். முதல் சில வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் கையால் பரிசோதிப்பது, மீதமிருக்கும் மார்புக்கு வருடம் ஒரு மாமோகிராம், இவையே வழக்கம்.

நடுவில் தலை வலித்தாலும் அதுதானோ என்று தோன்றும். ஆறு வருடம் கழித்தும் எனக்குத் தோன்றுகிறது. நான் வைத்திருக்கும் கணக்கு: புது வலி வந்தால் நாட்காட்டியில் குறிப்பேன், இரண்டு வாரம் பார்ப்பேன், போகாவிட்டால் போன் செய்வேன். தழும்பிலோ அக்குளிலோ கழுத்தெலும்புக்கு மேலோ புது முடிச்சு, மற்ற மார்பில் மாற்றம், இரவில் எழுப்பும் எலும்புவலி, நிற்காத இருமல், காரணமில்லாமல் எடை குறைவது, கண் மஞ்சளாவது, இவற்றுக்கு அந்த இரண்டு வாரமும் காத்திருக்க மாட்டேன். அடுத்த பரிசோதனை நாள் தூரத்தில் இருந்தாலும் முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்குவேன்.